சோலார் படிக்க ஆசைப்படும் மகளுக்கு எந்தப் பாடப்பிரிவு?

மகள் சோலார் துறைக்குத்தான் போவேன் என்கிறாள், கூரையில் பேனல் மாட்டவா பி.இ. என்று கேட்டிருக்கிறீர்கள். பேனல் மாட்டுவதும் கௌரவமான வேலைதான் ஐயா. ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ படித்து, மத்திய அரசின் சூரியமித்ரா பயிற்சியும் எடுத்தால் அதற்குப் போதும். ஆனால் வெயில் இவ்வளவு அடித்தும் பேனல் ஏன் கால்பங்கைக்கூட மின்சாரமாக்குவதில்லை என்று அவள் உங்களைக் கேட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு வேறு படிப்பு வேண்டும்.

சோலார் செல் என்பது மெல்லிய சிலிக்கான் தகடு. ஒரு பக்கம் பாஸ்பரஸ், மறுபக்கம் போரான் கலந்திருப்பதால் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மின்புலம் இருக்கும். ஒளி பட்டு விடுபடும் எலக்ட்ரானை அந்த மின்புலம் ஒரு திசையில் தள்ள, வெளிக்கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. எலக்ட்ரானை விடுவிக்க ஒளித்துகளுக்கு 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாவது வேண்டும். குறைந்தால் ஒளி வீணாகக் கடந்துபோகும். கூடினால் மிகுதி வெறும் சூடாகிவிடும். இப்படி ஒரே ஒரு சந்திப்பு மட்டும் உள்ள செல் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தாண்டாது என்று ஷாக்லி, குவைசர் என்ற இயற்பியலாளர்கள் 1961-லேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். இன்று கடையில் கிடைக்கும் நல்ல பேனல்கள் 20 முதல் 23 சதவீதம் வரை தருகின்றன.

மீதி எங்கே போகிறது என்று பார்த்தால், எந்தப் பிரிவு என்பதும் தெரிந்துவிடும்.

வெறும் சிலிக்கான் தன்மேல் படும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதைத் தடுக்கக் காரக் கரைசலில் அரித்து, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பிரமிடுகளை உண்டாக்குகிறார்கள். மேலே சிலிக்கான் நைட்ரைடு பூசுகிறார்கள். இது கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர்களின் களம்.

விடுபட்ட எலக்ட்ரான் கம்பிக்குப் போய்ச்சேருமுன், மேற்பரப்பிலோ உலோகத் தொடர்பிலோ சிக்கி மறைந்துபோவது அடுத்த இழப்பு. டாப்கான் வகை செல்களில் ஓரிரு நானோமீட்டர் கனமே உள்ள ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. இயற்பியலும் மெட்டீரியல் சயின்ஸும் வேலை செய்யும் இடம் இது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் சுவாரசியமானது டேண்டம் செல். நீல ஒளியைப் பிடிக்க மேலே பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருள், சிவப்பைப் பிடிக்கக் கீழே சிலிக்கான் என்று அடுக்குகிறார்கள். ஜப்பானில் மியாசகா குழு 2009-இல் பெரோவ்ஸ்கைட்டை செல்லில் பயன்படுத்தியபோது கிடைத்தது வெறும் 3.8 சதவீதம். இன்று ஆய்வகத்தில் டேண்டம் செல்கள் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் ஈரமும் சூடும் பெரோவ்ஸ்கைட்டைச் சிதைக்கின்றன, அதில் ஈயமும் இருக்கிறது. கூரையில் இருபத்தைந்து வருடம் தாங்க வேண்டுமே! வேதியியல் பிடித்த பிள்ளைகளுக்கு இங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.

நம் ஊர் வெயிலே பேனலுக்கு எதிரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேனலின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மதியம் பேனல் 65 டிகிரியைத் தொட்டால் பத்துப் பதினைந்து சதவீதம் போச்சு.

இன்வெர்ட்டர், கிரிட் (மின் விநியோக வலைப்பின்னல்) பக்கம் ஆர்வம் என்றால் எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ், அதாவது இ.இ.இ. எடுக்கட்டும்.

இளநிலையிலேயே ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்று பெயர் போட்ட பட்டத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அடிப்படைப் பிரிவு ஒன்றைப் படித்துவிட்டு, எம்.டெக்.கில் சோலாருக்கு வரலாம். துறை சரிந்தாலும் வேறு கதவு திறந்திருக்கும். காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பி.டெக். கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இருக்கிறது. பி.எஸ்சி. இயற்பியல் படித்து ஜாம் எனும் முதுநிலை நுழைவுத்தேர்வு எழுதி ஐ.ஐ.டி.க்குப் போவதும் நல்ல வழி. மும்பை ஐ.ஐ.டி.யில் சோலார் ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் இருக்கிறது.

வேலை? நெல்லை கங்கைகொண்டானில் டாடா பவரும், சென்னை அருகே ஃபர்ஸ்ட் சோலாரும் ஆலை நடத்துகின்றன. இத்தகைய ஆலைகளில் பெரும்பாலும் உற்பத்தி, தரக் கட்டுப்பாட்டு வேலைகள்தான், ஷிப்ட் இருக்கும். ஆராய்ச்சி வேலை குறைவு, அதற்கு எம்.டெக்.கோ பிஎச்.டி.யோ வேண்டும். நாலு வருடத்தில் சம்பளம் வந்தே தீர வேண்டிய வீடு என்றால் இ.இ.இ.யை விருப்பப் பட்டியலில் முதலில் போடுங்கள். காத்திருக்க முடியும் என்றால் மெட்டீரியல் சயின்ஸ், கெமிக்கல், அப்புறம் இ.இ.இ. என்று வரிசைப்படுத்துங்கள். அதற்கு முன் பிளஸ் டூ குறைக்கடத்தி (செமிகண்டக்டர்) பாடத்தை அவள் விரும்பிப் படித்தாளா, மார்க்குக்காகப் படித்தாளா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.