கனடாவில் ஜப்பானிய மீனவர்களின் படகுகள் பறிக்கப்பட்டது உளவு அச்சத்தால்தானா?

உளவு அச்சம் என்பது அன்று அரசு சொன்ன காரணம். அந்த மீனவர்களைக் கடலிலிருந்து அகற்றும் வேலை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் எதிரியாவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டதால், அதுதான் முழுக் காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கனடாவின் மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஃபிரேசர் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள ஸ்டீவ்ஸ்டனில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜப்பானியக் குடும்பங்கள் சால்மன் மீன்பிடிப்பில் வேரூன்றியிருந்தன. ஆண்கள் ஆற்றில் வலை விரிக்க, பெண்கள் பலர் மீனை டின்னில் அடைக்கும் ஆலைகளில் வேலை பார்த்தனர். வெள்ளை மீனவர்களின் நெருக்குதல் வலுத்த நிலையில், 1922இல் கனடிய அரசு அமைத்த டஃப் ஆணையம் ஜப்பானியரின் உரிமங்களைக் குறைக்கப் பரிந்துரைக்க, அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் தொழிலை இழந்தனர். அதே மாகாணத்தின் ஸ்கீனா ஆற்றில் மற்றவர்கள் இயந்திரப் படகில் சென்றபோது, ஜப்பானியர் மட்டும் பாயையும் துடுப்பையும் நம்பியிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். இத்தனைக்கும் முதல் உலகப் போரில் ஜப்பான் பிரிட்டனின் கூட்டாளி.

1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியதும் கனடியக் கடற்படை ஏறத்தாழ 1,200 படகுகளைக் கைப்பற்றியது. அவற்றை உரிமையாளர்களே ஓட்டிவந்து, நியூ வெஸ்ட்மின்ஸ்டர் அருகே ஒப்படைக்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் செய்தி. அங்கே ஆனிவில் அணைக்கரையில் நெருக்கிக் கட்டப்பட்ட படகுகள் ஒன்றோடொன்று உரசிச் சேதமடைந்தன. அச்சம் உண்மையானால் அவற்றைப் போர் முடியும்வரை முடக்கி வைத்திருந்தாலே போதும். ஆனால் 1942 தொடக்கத்திலேயே ஒரு குழுவை அமைத்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். அதே ஆண்டில் கடற்கரையிலிருந்து 100 மைல் தொலைவுக்குள் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 22,000 பேர் வெளியேற்றப்பட்டனர்; அவர்களில் பெரும்பாலோர் கனடாவின் குடிமக்கள். போர் 1945இல் முடிந்தும், கடற்கரைக்குத் திரும்ப 1949 ஏப்ரல் 1 வரை அனுமதி கிடைக்கவில்லை. திரும்பியவர்களுக்கு விற்றுப்போன படகுகள் திரும்பவில்லை.

சொன்ன காரணம் ஒன்று, நோக்கம் வேறு என்பது அமெரிக்காவில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. கலிஃபோர்னியா 1943இல் குடியுரிமை பெறாத ஜப்பானியருக்கு மீன்பிடி உரிமம் மறுத்துச் சட்டம் இயற்றியது; 1945இல் அதையே ‘குடியுரிமை பெறத் தகுதியற்றோர்’ என்று மாற்றி எழுதியது; அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஜப்பானியக் குடியேறிகள் அந்த வகையில்தான் வந்தார்கள். 1915 முதல் உரிமத்துடன் மீன்பிடித்த டோராவோ டகஹாஷி தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, மாநில அரசு முன்வைத்த வாதம் மீன்வளப் பாதுகாப்பு. 1948 ஜூனில் நீதிபதிகள் எழுவர் அதை ஏற்க மறுத்து அவர் பக்கம் தீர்ப்பளித்தனர், இருவர் மாறுபட்டனர்.