கொடைக்கானல் எந்தப் பறவைக்குத் தீவு?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். கலாபகோஸ் தீவுக் குருவிகளைப் பற்றிப் பாடம் எடுத்தால், “தீவில் மாட்டிக்கொண்ட குருவி எப்படி டீச்சர் வேறு இனமாக மாறும்?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அடுத்த மாதம் அவர்களைக் கொடைக்கானல் கூட்டிப் போகிறோம். அங்கே காட்ட ஏதாவது உண்டா?

பதில்: தாராளமாக உண்டு, டீச்சர். ஆனால் கிளம்பும் முன் அந்தக் கேள்வியில் உள்ள ஒரு முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். எந்தக் குருவியும் தன் ஆயுளில் வேறு இனமாவதில்லை. தலைமுறை தலைமுறையாக மாறுவது கூட்டம்தான்.

கலாபகோஸில் டாஃப்னி மேஜர் என்றொரு குட்டித் தீவு. அங்கே பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற ஆய்வாளர் தம்பதி 1973 முதல் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் சீக்கிரம் தீர்ந்துபோக, பெரிய, கெட்டியான விதைகளே மிஞ்சின. அதில் ஒன்று நம் ஊர் நெருஞ்சியின் சொந்தக்காரச் செடி. அந்த முள்காயை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். சிறிய அலகுக் குருவிகள் ஏராளமாகச் செத்தன. தப்பியவற்றின் குஞ்சுகளுக்குச் சராசரி அலகு முன்பைவிடப் பெரிதாக இருந்தது. எந்தக் குருவியும் முயற்சி செய்து அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. இதைப் பிள்ளைகளிடம் இரண்டு தடவை சொன்னாலும் தப்பில்லை.

சரி, இதில் தீவுக்கு என்ன வேலை? பரந்த நிலப்பரப்பில் இப்படி ஒரு வித்தியாசம் தலைதூக்கினால், பக்கத்துப் பறவைகள் வந்து ஜோடி சேர்ந்து அதைக் கரைத்துவிடும். தீவில் அந்தக் கலப்புக்கு வழி குறைவு. வந்திறங்கியவை சில பறவைகளே என்பதால் தற்செயலாகவே சில மரபணுக்கள் பெருகும், சில காணாமல் போகும். பாட்டும் மெல்ல விலகும். கலாபகோஸ் குருவிகளில் ஆண் குஞ்சு பெரும்பாலும் அப்பனிடம்தான் பாட்டுக் கற்கிறது. பிரிந்த இரண்டு கூட்டமும் நெடுங்காலம் கழித்துச் சந்தித்தாலும், ஒன்றின் பாட்டை மற்றது பொருட்படுத்தாவிட்டால் ஜோடி சேராது. அந்த நிலைக்கு வந்த கூட்டங்களைத்தான் தனித்தனி இனம் என்கிறோம்.

இனி கொடைக்கானல். அங்குள்ள சோலைக்காட்டில், அதாவது உயர்ந்த மலையின் குளிர்ந்த பசுமைக்காட்டில், பழனி சிரிப்பான் என்ற பறவை இருக்கிறது. மார்பு சாம்பல், வயிறு செம்பழுப்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். ஊட்டியில் இருப்பது நீலகிரி சிரிப்பான். அதற்கு மார்பே செம்பழுப்பு. இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் தனி இனங்கள். நடுவில் கடல் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்தான் இருக்கிறது. சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த, வெக்கையான நிலம். குளிர்ந்த சோலையின் புதருக்குள்ளேயே வாழும் பறவைக்கு அது கடலேதான். மூணாறு பக்கம் போனால் இதே பழனி சிரிப்பானைப் பார்க்கலாம், ஏனென்றால் இடையில் அவ்வளவு ஆழமான பள்ளம் இல்லை. தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் அகத்தியமலைப் பக்கம் இன்னொரு சிரிப்பான். சோலைச்சிட்டுகள் என்ற சின்னப் பறவைகளும் இதே மாதிரி பிரிந்திருக்கின்றன. வி. வி. ராபின், சி. கே. விஷ்ணுதாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணு, உடலளவு, பாட்டு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, 2017இல் இந்த இரண்டு குழுக்களுக்கும் புதிய பேரினங்களையே (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் பெரிய பிரிவு) முன்வைத்தார்கள்.

அதே கொடைக்கானலில் செம்மீசைச் சின்னானையும் காட்டுங்கள். ஊட்டியிலும் அதே சின்னான்தான். தோட்டம், சரிவு, புதர் என்று எங்கும் பிழைக்கிற பறவைக்குக் கணவாய் ஒரு தடையே இல்லை. ஒரு மலை தீவா இல்லையா என்பதை அந்தந்தப் பறவையை வைத்துத்தான் சொல்ல முடியும். பாடப்புத்தகத்தில் இது அழுத்தமாக வராதது எனக்குப் பெரிய குறை.

விடிந்ததும் பாம்பார் சோலை ஓரம் போய்விடுங்கள். உள்ளே நுழைய அனுமதி வேண்டுமா என்று வனத்துறையிடம் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். சிரிப்பானின் குரல்தான் முதலில் கேட்கும். போனில் பதிவு செய்து, ஊருக்குத் திரும்பியதும் பறவை ஆர்வலர்கள் பதிவிடும் இபேர்ட் இணையதளத்தில் உள்ள நீலகிரி சிரிப்பானின் பதிவுகளோடு வகுப்பில் போட்டுக் காட்டுங்கள். வித்தியாசத்தைப் பிள்ளைகளே சொல்லட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டாம்: பறவையை வரவழைக்கக் காட்டுக்குள் அதன் குரலை ஒலிக்கவிடுவது. எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு ஓடி வரும்.