வேலூரில் இருந்துகொண்டு எஸ் 1000 எக்ஸ்ஆர் வாங்கலாமா?

பத்து வருடமாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது, உயரம் ஐந்தடி ஆறங்குலம், பிஎம்டபிள்யூ எஸ் 1000 எக்ஸ்ஆர் போன்ற வேகமான அட்வென்ச்சர் டூரிங் பைக் நம் வேலூருக்குச் சரிப்பட்டு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிப்பட்டு வரும். ஆனால் ‘அட்வென்ச்சர்’ என்ற சொல்லை மட்டும் மறந்துவிட்டு வாங்குங்கள்.

நான் ஆம்பூரில் தோல் தொழிலில் இருக்கிறேன். வீடு சத்துவாச்சாரியில். மூன்று வருடமாக 2020 மாடல் எக்ஸ்ஆர் ஓட்டுகிறேன், பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இந்த வண்டியின் பிறவி என்னவென்று முதலில் பார்த்துவிடுங்கள். 2014 கடைசியில் மிலன் கண்காட்சியில் காட்டி, 2015-இல் விற்பனைக்கு வந்தது. அதில் இருக்கும் 999 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின், ரேஸ் வண்டியான எஸ் 1000 ஆர்ஆர் வம்சத்தைச் சேர்ந்தது. அதற்கு அகலமான ஹேண்டில்பாரும் காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் நிமிர்ந்து உட்காரும் சீட்டும் கொடுத்து உயரமாக நிற்க வைத்திருக்கிறார்கள். 2020 மாடலில் 165 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் திறன்). பெட்ரோல் நிரப்பிய எடை 226 கிலோ. 2024-இல் இன்ஜினின் திறனை 170 ஆக்கினார்கள். பார்வைக்குக் காட்டு வண்டி போல இருக்கும். சக்கரத்தைப் பாருங்கள்: முன்னும் பின்னும் 17 அங்குல ரோடு டயர்தான். மலைப் பாதைக்கென்றே செய்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-க்கு முன்சக்கரம் 21 அங்குலம். மண் பாதையில் கல்லை ஏறித் தாண்டுவது அந்தப் பெரிய சக்கரத்தின் வேலை. நம்முடையது அதற்குப் பிறந்ததல்ல.

இதை நான் ஜவ்வாது மலையில் கற்றுக்கொண்டேன். ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் தார்ச்சாலை அருமையான சாலை. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதே, அதைத் தாண்டினால் காற்றே மாறிவிடும். நான் சும்மா இருக்காமல் ஒரு கிராமத்துக்குப் பிரியும் ஜல்லிப் பாதையில் இறக்கினேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் முன்சக்கரம் இடது வலது என்று நழுவ ஆரம்பித்துவிட்டது. திரும்பி வரும்போது ஒரு கூர்மையான கல் பின்டயரில் ஏறிவிட்டது. டியூப்லெஸ் என்பதால் காற்று மெதுவாகத்தான் இறங்கியது. உருட்டி உருட்டி ஆலங்காயம் பஞ்சர் கடைக்கு வந்து சேர்ந்தேன். கடைக்காரர் 190 அகல டயரைக் கையால் சாண் போட்டுப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, காரு டயரு மாதிரி கீது?” என்றார். ரப்பர் திரியை பசையில் தோய்த்து, ஊசியில் கோத்து, முழு உடம்பின் பலத்தையும் போட்டு உள்ளே தள்ளினார். எச்சிலைத் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. வேலூர் வரை அந்தத் திரி தாங்கியது. மறுநாளே டயரை மாற்றிவிட்டேன், இந்த வேகத்து வண்டியில் திரியை நம்பி ஓட்டக்கூடாது.

சரி, பிறகு எதற்கு இந்த வண்டி? ஏலகிரிக்கு.

பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். கம்பர், கபிலர், பாரி, ஓரி, பேகன் என்று ஒவ்வொருவரையும் கும்பிட்டுக்கொண்டே ஏறலாம். ஒருநாள் காலை ஆறு மணி இருக்கும். இரண்டாவது கியரில் ஒரு வளைவுக்குள் வண்டியைச் சாய்த்துவிட்டேன். பாதி வளைவில், குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு குரங்கு சாலையின் நடுவே வந்து உட்கார்ந்தது. சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் பழைய வண்டிகள் நிமிர்ந்து நேராகத் தடுப்புச் சுவரை நோக்கி ஓடும், இல்லையென்றால் வழுக்கிப் படுத்துவிடும். இதில் வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒரு சென்சார் நொடிக்கு நொடி அளந்துகொண்டே இருக்கிறது. அதற்கேற்ப, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. நான் பயத்தில் பிடித்த பிடிக்கு, போன கோட்டை விட்டு விலகாமல் வேகம் மட்டும் குறைந்து, குரங்குக்கு இரண்டு அடி முன்னால் வந்து நின்றது. அதற்கப்புறம் அடுத்த வளைவு வரை கை நடுங்கியது.

வேலூர்க்காரருக்கு இந்த வண்டியில் கிடைக்கும் உண்மையான பலன் அதுதான். 165 குதிரையை நாம் எங்கே அவிழ்த்துவிடப் போகிறோம்? முதல் கியரிலேயே 100-ஐத் தாண்டும் வண்டி இது. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வாணியம்பாடி பக்கம் எதிர்த்திசையில் டிராக்டர் வரும், ஆள் குறுக்கே நடப்பார், கால்நடை படுத்திருக்கும். அங்கே வேகம் காட்டுகிறவரிடம் எனக்கு மரியாதை இல்லை. பயன்படுவது பிரேக்கும், பள்ளத்தை விழுங்கும் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷனும், பின்சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும். அறுவடைக் காலத்தில் ஜமுனாமரத்தூர் சாலையிலேயே சாமைக் கதிரைப் பரப்பி வைத்திருப்பார்கள். அந்தத் தாள் மேல் பின்சக்கரம் ஏறும்போது மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கும், பின்பக்கம் லேசாக அசைந்து தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் கொடுத்த பணம் செரித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது வெயில். வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது, ஆயிரம் சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் கிரீன் சர்க்கிள் நெரிசலில் உங்கள் தொடையை வேக வைக்கும். ஓடும்போது ரேடியேட்டருக்கு காற்று கிடைக்கும், நின்றால் விசிறி மட்டுந்தான், அது அள்ளி எறியும் சூடு காலுக்குத்தான் வரும். மார்ச் முதல் ஜூன் வரை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் வீடு திரும்பிவிடுவேன். தினமும் காட்பாடி போய்வரத்தான் வண்டி வேண்டுமென்றால் இதை வாங்காதீர்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது என் தொழில். கடையில் தொங்கும் அழகுக்கான தோல் ஜாக்கெட் பெரும்பாலும் மெல்லிய ஆட்டுத்தோல், 0.7 மில்லிமீட்டர் இருக்கும். கீழே விழுந்து தாரில் தேய்ந்தால் நொடியில் கிழிந்துவிடும். பைக்குக்கு 1.2 மில்லிமீட்டர் அளவில் மாட்டுத்தோல் வேண்டும், தோள், முழங்கையில் இரண்டு அடுக்கு, தையல் உள்பக்கம் மறைந்திருக்க வேண்டும். தையல் வெளியே தெரிந்தால் முதலில் நூல்தான் தேயும், அப்புறம் தோல் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. கோடைக்கு வலைத்துணி ஜாக்கெட் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டும் வைத்திருக்கிறேன்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024-இல் வந்தபோது ஷோரூம் விலையே 22.5 லட்சம். 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 40 சதவீதம், அதனால் இன்றைய விலையைக் கேட்டுவிட்டுப் பட்ஜெட் போடுங்கள். சாலை வரியும் இன்சூரன்சும் அதற்கு மேல். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தருகிறது, டேங்க் 20 லிட்டர், 95 ஆக்டேன் பெட்ரோல் போடுகிறேன். பின்டயர் எனக்கு 9,000 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. சர்வீசுக்குச் சென்னையோ பெங்களூரோதான் போகிறேன், ஒருநாள் வேலை கெடும். வெளிமாநில வண்டி வாங்கினால் என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். எனக்கு அந்தக் காகிதத்துக்கே நான்கு மாதம் ஆனது.

உயரம் பற்றிக் கேட்டீர்கள். என் வண்டியில் சீட் 840 மில்லிமீட்டர். நான் ஐந்தடி ஐந்து, இரண்டு முன்பாதமும் படும், குதிகால் படாது. ஓடும்போது அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை வீட்டு வாசலில். நம் தெருக்களில் வாசல் உயரமாக, சிமென்ட் சறுக்கு செங்குத்தாக இருக்கும். 226 கிலோவைப் பின்பக்கமாக இறக்கும்போது காலுக்குத் தரை எட்டாமல் போனால் வண்டி சாயும், சாய்ந்தால் ஒருவரால் பிடிக்க முடியாது. முதல் வாரம் என் மனைவி ஒருபக்கம் பிடிக்க, நான் ஹேண்டில்பாரைப் பிடிக்க, இருவருமாக இறக்கினோம். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு சறுக்கை மூன்றடி நீட்டி, மேலே கோடு கீறிச் சொரசொரப்பாக்கச் சொன்னேன். நீங்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வாசல் சறுக்கை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.