தாத்தாவின் ராலே சைக்கிளில் இருந்த ப்ரூக்ஸ் தோல் சீட்டை எண்ணெய் போட்டுப் பளபளப்பாக்கி விற்கலாமா?

வேண்டாம். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், ஷூ பாலிஷ் எதுவும் வேண்டாம். பரணில் வருடக்கணக்காகக் கிடந்து தோல் காய்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ந்த தோலைக் காய்ந்த தோலாகவே காட்டினால் வாங்க ஆள் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் பளபளப்பைப் பார்த்தால்தான் சந்தேகப்படுவார்கள்.

இந்த சீட்டுக்கு அடியில் பஞ்சு, பலகை எதுவும் கிடையாது. தடிமனான ஒரே தோல். அதை முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் ரிவிட் அடித்து, கயிற்றுக் கட்டில் மாதிரி இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆளைத் தாங்குவது அந்த இழுப்புதான். எண்ணெய் உள்ளே ஊறினால் தோல் இளகித் தொய்ந்துவிடும், அப்புறம் அது பழைய நிலைக்குத் திரும்பாது. நம் ஊர் வெயிலுக்கு அந்த எண்ணெய் சிக்குவாடை அடிப்பது தனி. பாலிஷ் போட்டால் உட்காருகிறவரின் வேட்டியில் நிறம் ஏறும்.

முதலில் சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு ரிவிட்டாகப் பார்க்க வேண்டும். தலையைச் சுற்றித் தோல் ஒட்டி உட்கார்ந்திருந்தால் நல்லது. ஓட்டை முட்டை வடிவில் நீண்டு, அதன் ஓரத்திலிருந்து மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருந்தால், யாராவது ஏறி உட்கார்ந்ததும் அது கிழியும். மேலே தெரியும் கீறல், மங்கிய நிறம், தாத்தா உட்கார்ந்த பள்ளம் இதெல்லாம் பெரிய குறையே இல்லை. அடுத்து அடிப்பக்கத் தோலை விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் கொட்டினால் தோல் உள்ளுக்குள்ளேயே இற்றுவிட்டது என்று அர்த்தம். அதை எதைத் தடவியும் மீட்க முடியாது, காட்சிக்கு வைக்கத்தான் ஆகும் என்று சொல்லியே விற்க வேண்டும்.

சீட்டின் மூக்கு, அதாவது கூரான முன்முனை, அதன் அடியில் ஒரு போல்ட்டும் நட்டும் இருக்கும், தோலை இழுத்துப் பிடிக்க. மரை இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேனரை மட்டும் எடுக்காதீர்கள். காய்ந்த தோலை முறுக்கினால் ரிவிட் இருக்கும் இடத்தில் பிய்ந்துகொண்டு வரும். தொய்வு இருந்தால் இருக்கட்டும், வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார்.

சுத்தம் செய்வது சின்ன வேலைதான். காய்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டி, பூஞ்சணம் இருந்தால் ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, நிழலில் உலரவிடுங்கள். ப்ரூக்ஸே விற்கும் ப்ரூஃபைடு என்ற மெழுகும் கொழுப்பும் கலந்த களிம்பு கிடைத்தால், துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு. கிடைக்காவிட்டால் ஒன்றும் தடவாமல் விடுவதே மேல். ஸ்பிரிங்கில் துரு இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், ஆனால் அது தோலில் படக்கூடாது. உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள், குரோம் பூச்சு போய்விடும்.

பக்கவாட்டுத் தோலில் அழுத்திய முத்திரையும் பின்னால் பெயர்த்தகடும் இருக்கிறதா பாருங்கள். ப்ரூக்ஸ் 1866இல் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கிய நிறுவனம். நிறுவனர் தன் குதிரை செத்த பிறகு இரவல் சைக்கிளில் போய் உட்கார முடியாமல் அவதிப்பட்டு சீட் செய்யத் தொடங்கினார் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1882இல் காப்புரிமைக்குப் போனார்கள். சைக்கிளில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் (பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளை) இருந்தால் அதன்மேல் வருடம் குத்தியிருக்கும், 56 என்றால் 1956. அது ஹப்பின் வயது. சீட்டை நடுவில் மாற்றியிருக்கலாம் என்பதால் ‘1956 சீட்’ என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

விலை விஷயத்தில் பெரிய கனவு வேண்டாம். பி66 போன்ற ஸ்பிரிங் வைத்த மாடல்கள் பல்லாண்டு காலம் ஏராளமாகச் செய்யப்பட்டவை, வயது மட்டுமே அதை அபூர்வமாக்கிவிடாது. இதே நிறுவனத்தின் புது தோல் சீட் இன்று என்ன விலை என்று பார்த்துவிட்டு, அதற்குக் கீழே தோலின் நிலைக்கேற்ப வையுங்கள். ரிவிட், அடிப்பக்கம், மூக்கு போல்ட், முத்திரை, இரண்டு பக்கமும் எனப் படங்கள் போடுங்கள். வெடிப்பு இருந்தால் அதைக் கிட்டத்தில் எடுத்து முதல் படமாகப் போடுங்கள், பாதி பேரம் அங்கேயே முடியும்.

அனுப்பும்போது பிளாஸ்டிக்கில் சுற்றாமல் பருத்தித் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். சைக்கிளும் இன்னும் உங்களிடமே இருந்தால், என்னைக் கேட்டால் சீட்டைத் தனியாகப் பிரிக்க மாட்டேன். பழைய ராலே தேடுகிறவர் பலர் சீட்டோடு இருக்கும் வண்டிக்குக் கூடுதல் விலையே கொடுப்பார்கள்.