வாசகர் கேள்வி பதில்: கீபோர்டோடு மிடி கன்ட்ரோலரை இணைப்பது எப்படி?

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவில் அரேஞ்சர் கீபோர்டு (தாளமும் பின்னணி இசையும் தானே சேர்த்துத் தரும் கீபோர்டு) வாசிக்கிறேன். பாடலின் நடுவே ஒலியளவையோ ரிவெர்பையோ (எதிரொலிப்பையோ) மாற்ற வேண்டுமானால் மெனுவுக்குள் நுழைந்து தேட வேண்டியிருக்கிறது. அதற்காக எட்டு நாப்களும் (திருகுகளும்) எட்டு பேடுகளும் (தட்டும் பொத்தான்களும்) கொண்ட சிறிய யு.எஸ்.பி. மிடி கன்ட்ரோலர் (இசைக்கருவிக்குக் கட்டளைகளை அனுப்பும் கருவி) ஒன்றை வாங்கினேன். கீபோர்டின் பின்புறம் ‘டூ ஹோஸ்ட்’ என்று எழுதிய சதுரத் துளையும், ‘டூ டிவைஸ்’ என்று எழுதிய தட்டையான துளையும் உள்ளன. சதுரத் துளைக்கென்று ரிச்சி தெருவில் தனியாக ஒரு கேபிளும் வாங்கி, இரண்டிலும் செருகிப் பார்த்துவிட்டேன். தட்டைத் துளையில் செருகினால் கன்ட்ரோலரின் விளக்குகள் எரிகின்றன, வேறெதுவும் நடக்கவில்லை. பொருள் பழுதா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இதே இடத்தில்தான் தடுக்கி நிற்கின்றன என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

யு.எஸ்.பி. இணைப்பு என்பது இரண்டு சமமான கருவிகளுக்கு இடையே நடக்கும் உரையாடல் அன்று. அதில் ஒன்று தலைமைக் கருவியாக இருந்து, மற்றவற்றை வரிசையாக அழைத்து, ‘சொல்ல ஏதேனும் உண்டா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். துணைக் கருவிகள் அழைக்கப்பட்டால் மட்டுமே பேசும். அந்தத் தலைமைக் கருவியைத்தான் ஹோஸ்ட் என்கிறோம். கணினி ஒரு ஹோஸ்ட். உங்கள் கன்ட்ரோலர் துணைக் கருவி. கீபோர்டின் சதுரத் துளையில் ‘டூ ஹோஸ்ட்’ என்று எழுதியிருப்பதன் பொருள், அந்தத் துளை வழியே கீபோர்டை ஒரு ஹோஸ்டுடன் இணைக்க வேண்டும் என்பதே. அதாவது அங்கே கீபோர்டும் துணைக் கருவிதான். இரண்டு துணைக் கருவிகளை ஒரு கேபிளால் சேர்த்தால், இரண்டுமே அழைப்புக்காகக் காத்திருக்கும்; அழைக்க ஆள் இருக்காது.

அப்படியானால் தட்டைத் துளை? அங்கே கீபோர்டு ஹோஸ்டாகத்தான் நடந்துகொள்கிறது. ஆனால் பெரும்பாலான அரேஞ்சர் கீபோர்டுகளில் உள்ளிருக்கும் மென்பொருளுக்குப் பென் டிரைவைப் போன்ற சில கருவிகளை மட்டுமே அடையாளம் தெரியும். மிடி கன்ட்ரோலரை அது அறியாது. துளையில் 5 வோல்ட் மின்சாரம் வருவதால் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். சில உயர்வகைக் கீபோர்டுகள் இத்துளையில் கன்ட்ரோலரை ஏற்கும் என்பதால், உங்கள் மாடலின் கையேட்டில் அத்துளை பற்றிய பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வழிகள் மூன்று உண்டு. கீபோர்டில் ஐந்து ‘பின்’ (ஊசி) செருகும் வட்டமான ‘மிடி இன்’ (செய்தி வாங்கும்) துளையும், கன்ட்ரோலரில் ‘மிடி அவுட்’ (செய்தி அனுப்பும்) துளையும் இருந்தால், அதைவிட நல்ல வழி கிடையாது. 1983ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600 கருவியையும் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-6 கருவியையும் இணைத்துக் காட்டியது இந்த ஐந்து பின் கேபிள்தான். நாற்பது ஆண்டுகளைக் கடந்த பின்னும் அது அப்படியே வேலை செய்கிறது. இதில் ஹோஸ்ட் என்ற சிக்கலே இல்லை. ஒன்றின் அவுட் மற்றதன் இன்னுக்குப் போக வேண்டும். அவுட்டையும் அவுட்டையும் சேர்த்துவிட்டு ஒலி வரவில்லை என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிறிய கன்ட்ரோலர்களில் ஐந்து பின்னுக்குப் பதிலாக ஹெட்போன் துளை போன்ற 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கும். அதில் ஏ வகை, பி வகை என இரண்டு விதமான இணைப்பு முறைகள் உண்டு. 2018இல் ஏ வகையே தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய கருவி என்றால் எந்த வகை என்று பார்த்தே மாற்றுக் கேபிள் வாங்குங்கள்.

இரண்டாவது வழி, யு.எஸ்.பி. மிடி ஹோஸ்ட் எனப்படும் கைக்கடக்கமான பெட்டி. இரண்டு யு.எஸ்.பி. துளைகள் கொண்டவை உண்டு, ஒரு யு.எஸ்.பி. துளையும் ஐந்து பின் துளைகளும் கொண்டவையும் உண்டு. உங்களுக்கு முதல் வகை பொருந்தும்: கன்ட்ரோலரையும் கீபோர்டின் சதுரத் துளையையும் அதில் இணைத்தால், ஒன்றிடமிருந்து வாங்கியதை மற்றதற்கு அது கொடுத்துவிடும். வாங்கும் முன், இரு துளைகளுக்கும் இடையே மிடி செய்தியை அது கடத்துமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பவர் பேங்க் மூலம் அதை இயக்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை: எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் சில நிமிடங்களில் தாமாகவே அணைந்துவிடும். ஆராதனையின் நடுவே அது நேர்ந்தால் கன்ட்ரோலரும் சேர்ந்து அணையும். சுவரில் செருகும் சாதாரண 5 வோல்ட் அடாப்டரே பாதுகாப்பு.

மூன்றாவது வழி, லேப்டாப்பை நடுவில் வைப்பது. கன்ட்ரோலரும் கீபோர்டும் லேப்டாப்பில் செருகப்பட்டால் இரண்டையும் அது கண்டுகொள்ளும். ஆனால் ஒன்றின் செய்தியைத் தானாக மற்றதற்கு அனுப்பாது. இசைப்பதிவு மென்பொருளிலோ மிடி திசைமாற்றும் சிறு மென்பொருளிலோ ‘இதிலிருந்து வாங்கி அதற்கு அனுப்பு’ என்று நாம் சொல்ல வேண்டும். வீட்டில் பயிற்சிக்கு இது போதும். மேடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணைப்பு சரியான பிறகும் ஒரு தடை காத்திருக்கிறது. மிடி கேபிளில் ஒலி போவதில்லை, எண்கள்தான் போகின்றன. முதல் சேனலில் (சேனல் என்பது செய்திகளைப் பிரித்து அனுப்பும் தடம்) நடு சி சுரத்தை ஓரளவு அழுத்தி வாசித்தால் போவது 144, 60, 100 என்பது போன்ற மூன்று எண்கள்: ‘முதல் சேனலில் சுரம் தொடங்குகிறது, அது 60ஆம் சுரம், அழுத்தம் 100’. சேனல்கள் மொத்தம் 16. பல அரேஞ்சர் கீபோர்டுகளில், வெளியிலிருந்து வரும் செய்தி நீங்கள் வலக்கையால் வாசிக்கும் வாய்ஸுக்கு (தேர்ந்தெடுத்த கருவியொலிக்கு) போகாமல், பாடல் கோப்பை ஒலிக்கச் செய்யும் 16 பகுதிகளுக்குப் போகும். அதனால்தான் நாப்பைத் திருப்பியும் உங்கள் வாய்ஸ் அசைவதில்லை. மெனுவில் மிடி ரிசீவ் என்ற பக்கத்தில், ஒரு சேனலை வலக்கைப் பகுதிக்கு ஒதுக்க முடிகிறதா என்று பாருங்கள். அந்த வசதி இல்லாத மலிவான மாடலாக இருந்தால், எந்தக் கேபிளும் நீங்கள் விரும்பியதைச் செய்து தராது; பணம் செலவழிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: இணைப்பு கிடைத்துவிட்டது. கன்ட்ரோலரின் கட்டைகளை அழுத்தினால் கீபோர்டு ஒலிக்கிறது. ஆனால் எட்டு நாப்களில் ஒன்று மட்டுமே வேலை செய்கிறது. ஏன்?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: ஒவ்வொரு நாப்பும் கன்ட்ரோல் சேஞ்ச் என்ற வகைச் செய்தியை ஓர் எண்ணோடு அனுப்புகிறது. கீபோர்டுக்குத் தெரிந்த எண்ணாக இருந்தால்தான் அது கேட்கும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில், அல்லது நிறுவனம் தனியாக வெளியிடும் மிடி குறிப்பேட்டில், ‘மிடி இம்ப்ளிமென்டேஷன் சார்ட்’ என்ற ஓர் அட்டவணை இருக்கும். அதில் அனுப்புவதற்கு ஒரு பத்தியும் ஏற்பதற்கு ஒரு பத்தியும் இருக்கும். வட்டமிட்டிருந்தால் உண்டு, பெருக்கல் குறியிட்டிருந்தால் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஏற்கும் பத்தியை. 1 மாடுலேஷன் (ஒலியில் அசைவு), 7 ஒலியளவு, 10 இடவலச் சமநிலை, 11 எக்ஸ்பிரஷன், 64 சஸ்டெய்ன் (சுரத்தை நீட்டுவது), 91 ரிவெர்ப், 93 கோரஸ் (ஒலியைத் தடிப்பாக்குவது) ஆகியவற்றைப் பெரும்பாலான கீபோர்டுகள் ஏற்கும். பிறகு கன்ட்ரோலரோடு வரும் மென்பொருளில் ஒவ்வொரு நாப்புக்கும் இவற்றுள் ஓர் எண்ணைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள்.

ஒலியளவுக்கு 7, 11 என இரண்டு எண்கள் எதற்கு என்று அடுத்து எழுதுவீர்கள். ஒரு பகுதியின் ஒலியளவை மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டு நிலைநிறுத்துவது 7; அந்த எல்லைக்குள் வாசிக்கும்போது ஏற்றி இறக்குவது 11. கையில் இருக்க வேண்டியது 11தான். 7ஐ அசைத்துவிட்டால் பழைய சமநிலையைத் தேடிப் பிடிப்பது கடினம். மேலும், ஒரு பேடுக்கு 123 என்ற எண்ணைக் கொடுத்து வையுங்கள். அது எல்லாச் சுரங்களையும் நிறுத்தச் சொல்லும் கட்டளை. ஒரு திருமண வரவேற்பில், நான் வாங்கியிருந்த விலை மலிவான யு.எஸ்.பி. மிடி கேபிள் ஒரு சுரத்தின் முடிவுச் செய்தியைத் தொலைத்துவிட, வயலின் கூட்டொலியின் ஒரு சுரம் அணையாமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. கீபோர்டையே அணைத்துத்தான் அதை நிறுத்த முடிந்தது. பிறகு அந்தக் கேபிளின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மிடி இன் பகுதியில் இருந்தே ஆக வேண்டிய, செய்தியை ஒளி மூலம் கடத்தும் ஆப்டோகப்ளர் என்ற சிறு சில்லே அதில் இல்லை.

கேள்வி: கர்நாடக சங்கீதம் பயில்கிறேன். கன்ட்ரோலரின் பிட்ச் பெண்ட் (சுரத்தை ஏற்றி இறக்கி வளைக்கும்) சக்கரத்தால் கமகங்களைக் கொண்டுவர முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவர், நங்கநல்லூர்

பதில்: ஓரளவு முடியும், அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிட்ச் பெண்டின் வழக்கமான வீச்சு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் (கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்). தோடியின் சாதாரண காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கீழே சுத்த ரிஷபத்தையும் மேலே சுத்த மத்திமத்தையும் தொட்டு ஆடும். காந்தாரத்திலிருந்து அவ்விரண்டுமே சரியாக இரண்டிரண்டு அரைச்சுரத் தொலைவில் இருப்பதால், எதையும் மாற்றாமலேயே தோடி காந்தாரத்தைப் பழகலாம். ஆனால் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாருவாக (வழுக்கியபடி) ஏற வேண்டுமானால் ஏழு அரைச்சுரம் தேவை. அதற்கு 101க்கு 0, 100க்கு 0, 6க்கு 7 என்ற மூன்று கன்ட்ரோல் சேஞ்ச் செய்திகளை இதே வரிசையில் அனுப்பினால், அதை ஏற்கும் கீபோர்டுகளில் வீச்சு ஏழாகும்; பலவற்றில் மெனுவிலேயே மாற்றலாம்.

வீச்சைக் கூட்டும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிட்ச் பெண்டுக்கு மிடி ஒதுக்கியிருப்பது 16,384 படிகள், அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கம் சுமார் 8,192. ஆனால் சில கன்ட்ரோலர்கள் ஒரு பக்கத்துக்கு 64 படிகள் மட்டுமே அனுப்புகின்றன. இரண்டு அரைச்சுர வீச்சில் ஒரு படி ஏறத்தாழ மூன்று சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு. காது அதைப் பொறுத்துக்கொள்ளும். பன்னிரண்டு அரைச்சுர வீச்சில் ஒரு படி 18 சென்ட்டைத் தாண்டிவிடும். ஜாரு வழுக்கிச் செல்லாமல் மாடிப்படியில் இறங்குவது போலக் கேட்கும். எனவே தேவைக்கு மேல் வீச்சைக் கூட்டாதீர்கள். பிட்ச் பெண்ட் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும் என்பதால், சுருதி ஒலியை வேறொரு சேனலில் வையுங்கள். இல்லையேல் காந்தாரத்தோடு ஷட்ஜமும் ஆடும்.

கேள்வி: லேப்டாப்போடு இணைத்தால் கீபோர்டில் ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை ஒலிக்கிறது.
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: நீங்கள் அழுத்தும் சுரம் கீபோர்டுக்குள் நேராக ஒரு முறையும், லேப்டாப் சென்று திரும்பி மறுமுறையும் ஒலிக்கிறது. கீபோர்டு மெனுவில் லோக்கல் கன்ட்ரோல் (கட்டைகளுக்கும் கீபோர்டின் ஒலிக்கும் உள்ள நேரடித் தொடர்பு) என்பதை ஆஃப் செய்யுங்கள். கேபிளைக் கழற்றிய பின் மறக்காமல் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் கீபோர்டு ஊமையாகிவிட்டதாக நினைத்துப் பழுதுபார்க்க எடுத்துச் செல்வீர்கள்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் குடியிருக்கிறோம். இரண்டு தொல்லைகள்: லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ஒலிபெருக்கியில் ‘ம்ம்’ என்ற இரைச்சல், சில நாட்களாக யாரும் தொடாமலேயே கீபோர்டின் ஒலியளவு ஏறி இறங்குகிறது.
– ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: முதலாவது, எர்த் இணைப்பு இரண்டு பாதைகளில் சுற்றி வருவதால் எழுவது. ஐந்து பின் மிடியில் ஆப்டோகப்ளர் இரு கருவிகளையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைக்கிறது, யு.எஸ்.பி.யில் அந்தப் பிரிவு இல்லை. லேப்டாப்பை பேட்டரியில் மட்டும் இயக்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுவே. ஐந்து பின் இணைப்புக்கு மாறுவது, யு.எஸ்.பி. ஐசொலேட்டர் (மின்தொடர்பைப் பிரித்து வைக்கும் சிறு கருவி) பொருத்துவது, எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து இயக்குவது ஆகியவை தீர்வுகள். பிளக்கின் எர்த் பின்னை நீக்கிவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

இரண்டாவதற்கு முதலில் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். ஏற்ற இறக்கம் நின்றால், குற்றம் கன்ட்ரோலரின் நாப்பில் உள்ளது. உப்புக் காற்றும் தூசும் நாப்புக்குள் இருக்கும் தடத்தில் படிந்து, நாப் அசையாதபோதும் 63, 64, 63 என்று மாறி மாறி எண்களை அனுப்ப வைக்கும். கீபோர்டும் அதை உத்தரவாக ஏற்றுக்கொள்ளும். கருவியை அணைத்துவிட்டு, எலெக்ட்ரானிக் பாகங்களுக்கான கான்டாக்ட் கிளீனரை நாப்பின் தண்டோரமாகச் சிறிதளவு அடித்து, நாப்பை இரு எல்லைக்கும் முப்பது முறையாவது திருப்பி, நன்றாக உலர்ந்த பின் இயக்குங்கள். துருவுக்கு அடிக்கும் சாதாரண ஸ்பிரே வேண்டாம். அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் மேலும் தூசைப் பிடிக்கும். வாசிக்காத நேரத்தில் கன்ட்ரோலரைத் துணியால் மூடி, உடன் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள்.