வயது ஏறும் ஆண்களுக்குப் பெப்டைடு ஊசி உதவுமா?

கேள்வி இது: "எனக்கு 48 வயது. முன்பு இருந்த தெம்பு இல்லை, தொப்பை போட்டுவிட்டது, தூக்கமும் சரியில்லை. ஜிம்மில் ஒருவர் பெப்டைடு ஊசி போட்டால் பத்து வயது குறைந்த மாதிரி ஆகிவிடும் என்கிறார். போட்டுக்கொள்ளலாமா?"

அவர் காட்டும் குப்பியைப் போட்டுக்கொள்ள வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பதில்களைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஆனால் பெப்டைடு என்றாலே ஏமாற்று வேலை என்று அடித்துச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நான் மருத்துவர் இல்லை, பெப்டைடு தயாரிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்த வேதியியல்காரன். குப்பிக்குள் இருக்கும் அந்தத் தூள் எப்படி உண்டாகிறது, எங்கே கெட்டுப்போகிறது, அதோடு வரும் சான்றிதழில் என்ன எழுதியிருக்கும், என்ன எழுதியிருக்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்துதான் பேசுகிறேன்.

அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலிதான் பெப்டைடு. சுமார் ஐம்பதுக்குள் இருந்தால் பெப்டைடு என்றும் அதற்கு மேல் போனால் புரதம் என்றும் பொதுவாகச் சொல்வோம், கறாரான கோடு எதுவும் கிடையாது. 1922இல் முதன்முதலாக ஒரு சர்க்கரை நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட இன்சுலினில் இருப்பது 51 அமினோ அமிலங்கள். ஆக நூறு வருடமாக இந்த வகைப் பொருள் உயிர்களைக் காப்பாற்றி வருகிறது. வயதான ஆண்களுக்கு இன்றைக்கு நிஜமாகவே உதவுகிற பெப்டைடுகளும் இருக்கின்றன. எலும்பு தேய்ந்து முறியும் நிலையில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் டெரிபாரடைடு (34 அமினோ அமிலங்கள்) ஒன்று. எலும்புத் தேய்மானம் பெண்களின் பிரச்சினை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் இடுப்பெலும்பு முறிந்தால் அடுத்த ஒரு வருடத்துக்குள் இறந்துபோகும் வாய்ப்பு பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம். புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லியூப்ரோலைடும் ஒரு பெப்டைடுதான்.

அப்புறம் செமாகுளூடைடு, சர்க்கரை நோய்க்கும் எடையைக் குறைக்கவும் கொடுக்கும் பெப்டைடு. 2023இல் வெளிவந்த செலக்ட் என்ற ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த, எடை கூடிய, ஆனால் சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரைச் சேர்த்தார்கள். எல்லாரும் 45 வயதுக்கு மேற்பட்டவர்கள், அவர்களில் நாலில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஆண்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம், இந்த மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. முதுமையில் ஆணைக் கொண்டுபோகிற முதல் காரணமே இதயம்தான் எனும்போது இதைவிட நேரடியான பலனை வேறு எந்தப் பெப்டைடும் காட்டியதில்லை. குறையும் இருக்கிறது: இறங்குகிற எடையில் கணிசமான பங்கு தசை. அதனால் எடை தூக்கும் பயிற்சியும் போதுமான புரதமும் இல்லாமல் ஐம்பதைத் தாண்டியவர் இதை எடுத்துக்கொண்டால் மெலிந்து, ஆனால் பலமும் குறைந்து நிற்க நேரலாம். மருத்துவர் தேவை பார்த்து எழுதிக்கொடுத்து, அவர் கண்காணிப்பிலேயே எடுக்க வேண்டிய மருந்து இது.

ஆனால் உங்களிடம் சொன்னவர் பேசுவது இவற்றைப் பற்றி இருக்காது. பெரும்பாலும் செர்மோரெலின், சி.ஜே.சி.-1295, இபமோரெலின் என்று ஏதாவது ஒரு பெயர் சொல்லியிருப்பார். இவையெல்லாம் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனை அதிகம் சுரக்க வைப்பவை. அந்த ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொன்றைக் கூட்டுகிறது. இளமையில் நிறைய சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் வயதாக ஆகக் குறைந்துகொண்டே போகும், அது உண்மை. குறைந்ததை ஏற்றிவிட்டால் இளமை திரும்பும் என்பதுதான் மொத்த விற்பனையும்.

"பத்து வயது குறையும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதைதான். 1990இல் டேனியல் ரட்மன் என்ற மருத்துவரின் குழு 61 முதல் 81 வயது வரையிலான 21 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு செய்தது. 12 பேருக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் ஊசி, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஊசி போட்டவர்களுக்குக் கொழுப்பு தவிர்த்த உடல் எடை 8.8 சதவீதம் கூடியது, கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது. இந்த மாற்றம் பத்து இருபது வருட முதுமையில் நடக்கும் மாற்றத்தின் அளவுக்குச் சமம் என்று கட்டுரையிலேயே எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய வியாபாரமே கிளம்பிவிட்டது. கடைசியில், விளம்பரங்களில் அந்தக் கட்டுரை தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று 2003இல் அதை வெளியிட்ட இதழே எழுத வேண்டி வந்தது.

அந்த ஆய்வில் யாரும் அந்த ஆண்களின் பலத்தை அளக்கவில்லை. கவனிக்க வேண்டியது இதைத்தான். 1996இல் எழுபதையொட்டிய, அதற்கும் மேற்பட்ட 52 ஆரோக்கியமான ஆண்களை வைத்து இன்னொரு குழு அதையும் அளந்து பார்த்தது. ஆறு மாதத்தில் கொழுப்பு 13 சதவீதம் குறைந்தது, கொழுப்பற்ற எடை 4 சதவீதம் கூடியது, ஆனால் தசை பலமும் சரி, அன்றாட வேலை செய்யும் திறனும் சரி, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களைவிட மேலாகவில்லை. கூடவே காலில் நீர் கோத்தது, மூட்டு வலித்தது. எம்.கே.-677 என்ற மாத்திரை (இது பெப்டைடு இல்லை, ஆனால் அதே சுரப்பியைத் தூண்டுவது, பெப்டைடு விற்பவர்கள் கூடவே விற்பது) முதியவர்களிடம் இரண்டு வருடம் சோதிக்கப்பட்டு 2008இல் முடிவு வந்தது. அதிலும் இதே கதை. எடைக் கணக்கு மாறியது, பலம் மாறவில்லை, வெறும் வயிற்று சர்க்கரை கொஞ்சம் ஏறியது. வளர்ச்சி ஹார்மோன் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், அந்த நீரும் "கொழுப்பற்ற எடை" என்ற கணக்கில்தான் விழும். அதனால் கண்ணாடியிலும் ஸ்கேனிலும் மாற்றம் தெரிவதும், மாடிப்படி ஏறும்போது எந்த வித்தியாசமும் தெரியாததும் ஒரே ஆளிடம் நடக்கலாம்.

இன்னொரு விஷயம் என்னை நிஜமாகவே கவலைப்பட வைக்கிறது. முதுமை பற்றிய உயிரியல் ஆய்வுகள் காட்டும் திசை இந்த ஊசிகள் போகும் திசைக்கு நேர் எதிர். வளர்ச்சி ஹார்மோன் வேலை செய்யாத எலிகள் மற்ற எலிகளைவிட நீண்ட காலம் வாழ்கின்றன. ஈக்வடாரில் லாரன் குறைபாடு உள்ள குடும்பங்கள் இருக்கின்றன, பிறவியிலேயே வளர்ச்சி ஹார்மோனை உடம்பு உணர்ந்துகொள்ள உதவும் ஏற்பி சரியில்லாததால் குட்டையாக இருப்பவர்கள். 2011இல் வெளியான நீண்ட காலக் கண்காணிப்பில், அவர்களிடம் சர்க்கரை நோயே காணப்படவில்லை, புற்றுநோய் கிட்டத்தட்ட இல்லை. அவர்கள் மற்றவர்களைவிட அதிக வயது வாழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது, விபத்து போன்ற வேறு காரணங்களால் பலர் இறந்தார்கள். இருந்தாலும் செய்தி தெளிவாக இருக்கிறது. மறுபக்கம், பிட்யூட்டரியில் கட்டி வந்து இந்த ஹார்மோன் வருடக்கணக்காக அதிகம் சுரப்பவர்களுக்கு இதயம் பெருக்கிறது, சர்க்கரை நோய் வருகிறது, தூக்கத்தில் மூச்சு அடைக்கிறது, சிகிச்சை எடுக்காவிட்டால் ஆயுளும் குறைகிறது. ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்.-1 அதிகம் உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு சற்று அதிகம் என்றும் பெரிய அளவிலான கணக்கெடுப்புகள் காட்டியிருக்கின்றன. ஐம்பதை நெருங்குகிற ஒருவருக்குள் தனக்கே தெரியாத ஒரு சின்னக் கட்டி இருந்தால் அதற்கு எதற்கு உரம் போட வேண்டும்?

வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் இந்தப் பெப்டைடு வகையில் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டு இன்று பயன்பாட்டில் இருப்பது டெசமோரெலின். 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது, அதுவும் எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பைக் குறைக்க மட்டும். ஊசியை நிறுத்தினால் அந்தக் கொழுப்பு திரும்பி வருகிறது. செர்மோரெலின் ஒரு காலத்தில் வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்காக அனுமதி பெற்றது, பிறகு சந்தையிலிருந்து போய்விட்டது. சி.ஜே.சி.-1295, இபமோரெலின் இரண்டும் மனிதர்களிடம் ஆரம்பகட்டச் சோதனைகள் வரை போய் அதற்கு மேல் நகரவில்லை.

அடிபட்ட தசைநாருக்கு என்று சொல்லி விற்கும் பி.பி.சி.-157 பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குரோஷியாவின் ஜாக்ரெப் நகரத்து ஆய்வுக் குழு பல ஆண்டுகளாக எழுதிவரும் 15 அமினோ அமிலப் பெப்டைடு இது. எலிகளிடம் கிடைத்த முடிவுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. மனிதர்களிடம் ஒழுங்கான, பெரிய சோதனை கிடையாது. அது புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கும் என்பதைத்தான் நல்ல குணமாகச் சொல்கிறார்கள், ஆனால் கட்டிகளுக்கும் வேண்டியது அதுதான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022இல் இதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது, போட்டிகளில் ஓடுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்மைக்கு என்று விற்கும் பி.டி.-141க்கு 2019இல் அனுமதி கிடைத்தது உண்மை, ஆனால் அது மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு, ஆண்களுக்கு இல்லை. குமட்டல் வரும், ரத்த அழுத்தமும் சற்று நேரம் ஏறும். எபிதலான் என்ற நாலு அமினோ அமிலச் சங்கிலி ஆயுளைக் கூட்டும் என்பதை நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

சரி, இப்போது குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம், இது என் துறை. 1963இல் புரூஸ் மெரிஃபீல்டு கண்டுபிடித்த முறையில்தான் (அதற்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது) இன்றும் பெரும்பாலான பெப்டைடுகளைச் செய்கிறோம். ஒரு சின்னப் பிசின் மணியின் மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போவோம். ஒவ்வொரு ஒட்டும் 99 சதவீதம் சரியாக நடக்கிறது என்று வையுங்கள், கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? 29 அமினோ அமிலச் சங்கிலிக்கு 28 ஒட்டுகள். முடிவில் சரியான சங்கிலி 75 சதவீதம்தான் இருக்கும், மீதி கால் பங்கு ஒரு கண்ணி விட்டுப்போனது, பாதியில் நின்றது என்று அரைகுறைகள். அவற்றைப் பிரித்து எடுப்பதுதான் கஷ்டமும் செலவும் பிடிக்கிற வேலை. யாராவது செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் கை வைப்பது அங்கேதான். அந்த அரைகுறைச் சங்கிலிகள் உடம்புக்குள் போனால் நோய் எதிர்ப்புச் சக்தி அவற்றை அந்நியப் பொருளாகப் பார்த்து எதிர்ப்பு கிளப்பலாம், மோசமான நிலையில் உங்கள் சொந்த ஹார்மோனையே எதிர்க்கவும் பழகலாம்.

"98 சதவீதம் தூய்மை" என்று சான்றிதழ் காட்டுவார்கள். தூய்மைச் சோதனைக் கருவியின் கண்ணில் படும் பெப்டைடு சமாச்சாரங்களில் 98 சதவீதம் சரியான சங்கிலி என்பது மட்டுமே அதன் அர்த்தம். குப்பியில் இருக்கும் தூளில் ஈரம் எவ்வளவு, பிரித்தெடுக்கப் பயன்படுத்திய அமிலத்தின் உப்பு எவ்வளவு என்பது அதில் வராது, அதனால் 5 மில்லிகிராம் என்று எழுதியதில் நிஜமான பெப்டைடு கணிசமாகக் குறைவாக இருக்கலாம். பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு அந்தச் சோதனையில் தெரியவே தெரியாது, அதற்குத் தனிச் சோதனை வேண்டும். கிருமி நீக்கம் செய்யப்பட்டதா என்பதற்கும் தனிச் சோதனை. ஊசி மருந்துத் தொழிற்சாலையில் இவை ஒவ்வொரு தொகுதிக்கும் கட்டாயம். "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஒட்டி அனுப்பும் குப்பிக்கு யாரும் அதைச் செய்யக் கடமைப்பட்டவர்கள் இல்லை. நாங்கள் அப்படி எழுதி அனுப்பும்போது அதை அப்படியேதான் நினைத்து எழுதினோம், அது செல் வளர்க்கும் தட்டுக்குப் போகிற பொருள்.

இனி உங்கள் தொப்பைக்கும் தூக்கத்துக்கும் வருகிறேன். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது இரவில், முதலில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில். வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தால் அந்தச் சுரப்பு அமுங்கும், எடை குறைந்தால் ஓரளவு மீளும். டெஸ்டோஸ்டிரோனும் அப்படித்தான், உடல் பருமனும் தூக்கக் குறைவும் அதை இறக்கிவிடும். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை, அதனால் முதலில் குறட்டையைப் பற்றி உங்கள் வீட்டாரிடம் கேளுங்கள். பலமான குறட்டை, நடுநடுவே மூச்சு நிற்பது, பகலில் அசதி என்றால் தூக்கச் சோதனை செய்யுங்கள். பலம் வேண்டுமென்றால் எடை தூக்குங்கள், 48 ஒரு வயதே இல்லை. 1990இல், அந்த ஹார்மோன் கட்டுரை வந்த அதே வருடம், முதியோர் இல்லத்தில் இருந்த சராசரி 90 வயதுக்காரர்கள் பத்துப் பேரை எட்டு வாரம் காலுக்குக் கடினமான எடைப் பயிற்சி செய்ய வைத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, நடையும் வேகமானது. இந்த முடிவுக்கு வரவேண்டிய கவனம் வரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் (குறைவாக வந்தால் இன்னொரு நாள் திரும்ப எடுக்க வேண்டும்), தைராய்டு, எச்.பி.ஏ.1சி. (கடந்த சில மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் சோதனை), கொழுப்பு அளவுகள், ரத்த சோகை, வைட்டமின் பி12, ரத்த அழுத்தம், இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தச் சோதனை) பார்க்கலாமா என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒருவேளை ஏற்கெனவே அந்த ஊசியைப் போட ஆரம்பித்திருந்தால் மறைக்காமல் பெயரையும் அளவையும் சொல்லிவிடுங்கள், குப்பியையும் எடுத்துப் போங்கள், சர்க்கரையும் ஐ.ஜி.எஃப்.-1உம் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் குளிர் நடுக்கம் வந்தாலோ, கால் வீங்கி மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், அடுத்த ஊசி வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.