தாழ்ப்பாளை எத்தனை தடவைதான் பார்ப்பது?

விபத்து, திருட்டு, போர்முனை என்று பெரிய அதிர்ச்சி ஒன்றைத் தாண்டி வந்தவர்களின் தூக்கம் பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். அந்த அதிர்ச்சி மனத்தை விட்டுப் போகாமல் வாட்டுவதை மருத்துவர் பி.டி.எஸ்.டி. என்பார்.

பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். போன வருஷம் பின்கட்டு வழியாக வந்தவர்கள் என்னைக் கட்டிப்போட்டு நகையை எடுத்துப் போனார்கள். அதிலிருந்து ராத்திரி முழுக்க முகப்பு, வளவு, பின்கட்டு என்று தாழ்ப்பாள்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விடிந்த பிறகுதான் கண் அசருகிறது. மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறேன். (68 வயது, பள்ளத்தூர்)

ஆச்சி, ராத்திரியில் ஒரு தடவை ஆபத்து வந்துவிட்டது. கண்ணை மூடினால் மறுபடி வரும் என்று மூளை காவல் காக்கிறது. ‘தூங்கியே ஆகணும்’ என்று அதனோடு மல்லுக்கட்டினால் இன்னும் விழித்துக்கொள்ளும்.

கதவைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நடந்தது நிஜம், பயமும் நியாயம். ஆனால் ஒரே சுற்றுதான். 9.30 மணிக்கு, ‘முகப்பு பூட்டியாச்சு, பின்கட்டு பூட்டியாச்சு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பூட்டுங்கள். அப்புறம் எழுந்து பார்க்கத் தோன்றினால் 10 நிமிஷம் தள்ளிப்போடுங்கள், பழகியதும் 20 நிமிஷம். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் பயம் கொஞ்சம் தணியும். கூடவே, பார்த்ததால்தான் தப்பித்தோம் என்ற எண்ணமும் உறுதியாகும். சிக்கலே அங்கேதான்.

படுக்க ஒரு சின்ன அறை போதும். சிறு விளக்கு எரியட்டும், ஃபோன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 20 நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய் உட்கார்ந்து பூ கட்டுங்கள், கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். எப்போது தூங்கினாலும் காலை 6 மணிக்கு எழுந்துவிட வேண்டும். விடிந்தபின் தூங்கும் தூக்கம்தான் அடுத்த ராத்திரியைக் கெடுக்கிறது. துணைக்கு யாராவது வந்து படுத்தால் இன்னும் நல்லது.

அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள் அதிர்ச்சியை ஆற்றாது. பழக்கமாகிவிடும். உங்கள் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்தும் கூடும், அதுவும் வழவழவென்று இருக்கும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில்! பல வாரமாகப் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்கிறபடி மெல்லக் குறைக்க வேண்டும். சீட்டில்லாமல் கொடுத்த கடைக்காரரை நினைத்தால் எனக்கே தூக்கம் போகிறது.

என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தூக்கத்தில் கத்துகிறார். எழுப்பப் போனபோது என் கையை முறுக்கிவிட்டார். குறட்டையும் பலமாக இருக்கிறது. தூக்கம் வர இரண்டு பெக் வேண்டும் என்கிறார். (தேவகோட்டை)

அவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். விளக்கைப் போட்டு, கால்மாட்டில் தள்ளி நின்று, நீங்கள் வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். “நம்ம தேவகோட்டை வீட்லதான் இருக்கோம்” என்று நிதானமாகச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் தனிக் கட்டிலில் படுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துக் கனவுகளைக் கூட்டும். தினமும் குடிப்பவர் என்றால் அதையும் மருத்துவர் துணையோடுதான் விட வேண்டும். குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கவனியுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிடம் அடிக்கடி சேர்ந்தே இருக்கும்; அதைச் சரிசெய்தால் கனவுகள்கூடக் குறைவதுண்டு. கெட்ட கனவின் முடிவை மாற்றி எழுதி, பகலில் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி ஒன்றும் உண்டு. பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையும் சிலருக்கு உதவுகிறது, எல்லோருக்கும் அல்ல.

வேன் ஓட்டுகிறேன். விபத்து நடந்து நாலு மாதம் ஆகிறது. எட்டு மணி நேரம் படுத்தாலும் காலையில் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. முதலாளி சோம்பேறி என்கிறார். டீ குடித்துத்தான் சமாளிக்கிறேன். (29 வயது, காரைக்குடி)

தம்பி, சோம்பேறித்தனம் இல்லை. உடம்பு நாள் முழுக்க விறைப்பாக நிற்கிறது, தூக்கமும் ஆழமாக இல்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 4 மணி டீயின் காஃபினில் ஏறக்குறைய பாதி, ராத்திரி 9 மணிக்கும் உடம்பில் இருக்கும். அதனால் மதியத்தோடு டீயை நிறுத்துங்கள். 3 மணிக்கு முன் 20 நிமிஷம் கண்ணயரலாம். இந்தக் களைப்போடு ராத்திரி வண்டி எடுக்காதீர்கள். முதலாளி கோபித்தாலும் பரவாயில்லை.

ஒரு மாதம் தாண்டியும் தொடர்வதால் முறையான சிகிச்சையே வேண்டும். நடந்ததைப் பயிற்சி பெற்றவரோடு படிப்படியாகப் பேசிக் கடப்பது, கண்ணசைவுகளோடு செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற மனச் சிகிச்சை, இரண்டும் நன்றாகப் பலன் தருபவை.

மந்திரித்துக் கயிறு கட்டினால் போதும் என்கிறாள் மாமியார். (குன்றக்குடி)

கட்டிக்கொள்ளுங்கள். அந்த வாரமே மருத்துவரையும் பாருங்கள்.

ஊருக்குத் தெரியாமல் யாரிடம் பேசுவது? (கண்டனூர்)

14416, டெலி மானஸ். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இலவச மனநலத் தொலைபேசிச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நேரில் போக சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த நிமிஷமே கூப்பிடுங்கள்.